காந்தம் ஒட்டும் எவர்சில்வர்

காலையில் அவன் எழுந்து போர்வையை மடித்தான். மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பினான். பல் தேய்த்தான். மூன்று டம்ளர் டீ போட்டான். ஒன்றை மாடிப்படியில் வைத்தான். மாமனார் படியில் உட்கார்ந்துதான் குடிப்பார். ஒன்றைக் கல்லாப்பெட்டியின் மேல் மாமியாருக்கு வைத்தான். மற்றதை நின்றபடியே குடித்துவிட்டுக் கடை ஷட்டரைத் தூக்கினான். இரவு பெய்த மழையில் தெரு நனைந்திருந்தது. எதிர்க்கடைக்காரர் வாசலில் தேங்கிய தண்ணீரை வாளியில் அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு தலையசைப்பு. அவரிடமிருந்து ஒரு தலையசைப்பு. போன மழைக்காலத்தில் அவன் மனைவி இறந்துபோனாள். அதற்கும் ஷட்டருக்கும் சம்பந்தமில்லை. ஷட்டர் தினமும் தூக்கத்தான் வேண்டியிருந்தது.

பிறகு மாமியார் இறங்கி வந்து, ஏப்ரன் பையிலிருந்து காந்தத்தை எடுத்தார்.

அது ஏதோ பழைய ரேடியோப் பெட்டியின் ஸ்பீக்கரைப் பிரித்து எடுத்த வட்டக் காந்தம். உள்ளங்கை அகலம். அடியில் கனமான இரும்புத் தகடு. தினமும் காலையில் கடையில் இருக்கும் ஒவ்வொரு பாத்திரத்தையும் அதால் தொட்டுக்கொண்டே போவார். ஒட்டினால் இரும்பு; நழுவினால் எவர்சில்வர். நேற்றுத் தொட்ட பாத்திரங்கள்தான், முந்தாநாள் தொட்டவையும்தான். ஆனாலும் ராத்திரியில் ஏதாவது ஒன்று கட்சி மாறியிருந்தால்? வாசலில் போர்டு தொங்கியது: ‘காந்தம் ஒட்டினால் பாத்திரம் இலவசம்.’ தெருவில் அவரைக் காந்தக்கார அம்மா என்றே சொல்வார்கள். நல்ல எவர்சில்வரையும் அழுத்தி இழுத்துப் பாத்திரம் பண்ணும்போது விளிம்பில் லேசாகக் காந்தம் பிடிக்கும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் விளிம்புப் பக்கம் காந்தத்தைக் கொண்டுபோக மாட்டார்.

அன்றைக்கும் எல்லாம் ஒழுங்காக நழுவின. கடைசி அலமாரியை முடித்துவிட்டு அவர் கல்லாவுக்குப் பின்னால் திரும்பினார். காந்தம் அவர் கையையும் இழுத்துக்கொண்டு போய்ச் சுவரில் தொங்கிய காலண்டரில் டக்கென்று ஒட்டிக்கொண்டது.

மாமியார் காலண்டரைப் பார்த்தார். பிறகு படியில் இருந்த கணவரைப் பார்த்தார்.

“என்னங்க, காலண்டரை எப்பலேர்ந்து இரும்புல அடிக்கிறாங்க?”

மாமனார் வாயில் இருந்த டீயை விழுங்கவில்லை.

மாமியார் காலண்டரைத் தூக்கினார். பின்னால், ஆணியில் செருகி, தட்டு அளவுக்கு ஒரு தகடு. கண்ணாடி மாதிரி மினுமினுப்பு. அதில் அவர் முகம் தெரிந்தது.

“இது யாரு?” என்றார். ‘இது என்ன’ என்று கேட்கவில்லை.

அது யார் என்று சொல்ல வேண்டுமானால் அடுப்பிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஊரில் கரண்ட் அடுப்பு வந்துவிட்டது. மேலே கண்ணாடி, உள்ளே நெருப்பு கிடையாது. காந்தம் ஒட்டுகிற பாத்திரத்தை வைத்தால்தான் அது வேலை செய்யும். முதலில் ஒரு பெண் பால் பாத்திரத்தைத் திருப்பிக் கொண்டு வந்தாள்.

“அக்கா, உங்க பாத்திரத்தை என் அடுப்பு ஒரு ஆளாவே மதிக்க மாட்டேங்குது. வச்சவுடனே கீங் கீங்னு கத்துது.”

“அடுப்புல நெருப்பு இருக்கா?”

“இல்லக்கா. அது கரண்ட் அடுப்பு.”

“நெருப்பே இல்லாத அடுப்பை வாங்கி வச்சுக்கிட்டு என் பாத்திரத்தைக் குத்தம் சொல்றியே, நல்லா இருக்கா?”

அந்தப் பெண்ணை மாமியார் பேசி அனுப்பிவிட்டார். அடுத்து வந்தவர்களையும் பேசியே அனுப்பினார். பேசிப் பேசித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். ஒரு நாள் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் வந்து, நல்ல கனமான பாத்திரமாகப் பார்த்து எடுத்தார். மாமியார் சந்தோஷமாக ஏப்ரன் பையில் கைவிட்டார். அதே நேரத்தில் அந்த அம்மாளும் கைப்பையில் கைவிட்டார். இரண்டு கைகளும் வெளியே வந்தன. இரண்டிலும் காந்தம்.

“பாருங்க, ஒட்டாது!” என்றார் மாமியார், பெருமையாக.

“ஆமா, ஒட்டல” என்றார் அந்த அம்மாள், வருத்தமாக. பாத்திரத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மாமியார் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. சாயங்காலம் மருமகனைக் கூப்பிட்டார். அவன் கல்லூரியில் உலோகவியல் படித்தவன். படிக்கிற காலத்தில் இந்தக் கடைக்கு டம்ளர் வாங்க வந்து, “காந்தத்தை வச்சு எவர்சில்வரைக் கண்டுபிடிக்க முடியாதுங்க” என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவன். அப்போது கல்லாவில் இருந்த இளைய பெண் சிரித்துவிட்டாள். அவன் அதற்கப்புறம் டம்ளர்களாக வாங்கினான். ஹாஸ்டல் அறையில் வைக்க இடமில்லாமல் போனபோது கல்யாணம் பண்ணிக்கொண்டார்கள்.

“ஏன் மாப்பிள்ளை, அந்த அடுப்புல என்ன வைக்கறதாம்? இரும்புச் சட்டியா?”

“துருப் பிடிக்காம, காந்தமும் ஒட்டற எவர்சில்வர் ஒண்ணு இருக்கு அத்தை.”

“ரொம்ப நல்லவன், ஆனா திருடுவான்னு சொல்ற மாதிரி இருக்கு.”

“நிஜமா இருக்கு.”

“அதுல என்னதான் கலந்திருக்கு?”

“நூத்துக்குப் பதினேழு பங்கு குரோமியம். நிக்கல் கிடையாது. மீதி இரும்பு.”

“மீதி இரும்பு! உங்க வாயாலேயே வந்துடுச்சு பாருங்க.”

“நம்ம பாத்திரத்துலயும் மீதி இரும்புதான் அத்தை. நூத்துக்கு எழுபது பங்கு.”

மாமியார் திரும்பி வாசலைப் பார்த்தார். நல்லவேளை, யாரும் இல்லை.

“கடைக்குள்ள நின்னுக்கிட்டுப் பேசற பேச்சா இது? போய் வாயைக் கழுவிட்டு வாங்க.”

அவன் வாயைக் கழுவவில்லை. சொல்ல வேண்டியதைச் சொன்னான். துருவைத் தடுப்பது குரோமியம்தான். அது தகட்டின் மேல் ஒரு தோல் மாதிரிப் படரும், கீறினாலும் தானே மூடிக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாது. நிக்கல் சேர்த்தால் உள்ளே அணுக்கள் அடுக்குகிற விதம் மாறிவிடும், அதனால் காந்தம் ஒட்டாது. நிக்கல் இல்லாவிட்டால் அடுக்கு இரும்பின் அடுக்குதான், அதனால் ஒட்டும். ஒட்டுவதற்கும் துருவுக்கும் சம்பந்தம் இல்லை. அவன் ஒரு நாளில் பேசுகிற மொத்தப் பேச்சும் அதோடு தீர்ந்துபோனது.

“கண்ணுக்குத் தெரியாத தோலை நம்பி நான் எப்படி வியாபாரம் பண்றது?” என்றார் மாமியார்.

அந்த வாரமே ஒரு கல்லூரி ஹாஸ்டலின் மெஸ் மேனேஜர் வந்தார். சமையலறை முழுக்கக் கரண்ட் அடுப்பாக மாற்றிவிட்டார்களாம். அடி தட்டையான பெரிய பாத்திரங்கள், அகலமாக, ஆழமில்லாமல், காந்தம் ஒட்டுகிற மாதிரி, ஒரு சமையலறைக்கு முழுசாக வேண்டும். மாமியார் மாடியில் இருந்தார். மாமனார் மாடிப்படியை ஒரு தரம் பார்த்துவிட்டு, “செஞ்சுடலாம்” என்று சொல்லிவிட்டார்.

அவர் சொன்னதற்குக் காரணம் இருந்தது. கடைக்குப் பின்னால் பட்டறை. அங்கே தகட்டைச் சுழலவிட்டு அழுத்திப் பாத்திரமாக்குகிற லேத்தும் பாலிஷ் சக்கரமும் சும்மா கிடந்தன. பாலிஷ்காரர் காலையில் வந்து, சக்கரத்தைத் துடைத்து, பழைய செய்தித்தாளைப் படித்து, மத்தியானம் அதே செய்தித்தாளை மறுபடி படித்து, வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். எதிர்க்கடைக்காரர் இடத்தைக் கிடங்குக்குக் கேட்டுவிட்டார். வெளியூரில் இருக்கும் மூத்த பெண், ‘மூடிட்டு இங்க வந்துடுங்க’ என்று தினமும் போன் பண்ணினாள். மாமனாரையும் மாமியாரையும்தான் கூப்பிட்டாள். அவனைக் கூப்பிட என்ன உறவு இருக்கிறது? பெண் இல்லாத வீட்டில் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், அவன் கடையைக் காட்டலாம். காட்ட வேறு எதுவும் இல்லை. இந்த ஆர்டர் போனால் கடை போகும். கடை போனால் அவன் எங்காவது ஒரு அறை பார்த்துக்கொள்ள வேண்டும். இதை அவன் ஒரு தரம் யோசித்தான். மறுபடி யோசிக்கவில்லை.

மாதிரிக்கு ஒரு தகடு வந்தது. மாமியார் சந்தைக்குப் போன நேரமாகப் பார்த்து, மாமனார் அதில் ஒரு வட்டம் வெட்டி லேத்தில் மாட்டினார். நீளக் கம்பியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, சுழல்கிற தகட்டின் மேல் வழக்கம்போல் சாய்ந்து அழுத்தினார். படாரென்று கிழிந்தது. இன்னொரு வட்டம். அதுவும் பாதி ஆழத்தில் ஓரம் வெடித்தது. கிழியாத இடத்தில் கயிறு கயிறாக வரி விழுந்திருந்தது.

“நிக்கல் போட்ட தகடு மாவு மாதிரி வரும். இது வராது மாமா. ஆழம் குறைச்சுப் போகணும்” என்றான் அவன்.

“சூடு காட்டி இழுத்தா?”

“ரொம்பச் சூடானா உள்ள இருக்கற படிக மணி பெரிசாகி முறிஞ்சுடும். வெல்டிங் வச்சாலும் தொட்டுத் தொட்டு எடுக்கணும். கைப்பிடிக்கு ரிவிட் அடிச்சுடலாம்.”

“காய்ச்சித் தண்ணியில முக்கினா இறுகுமா?”

“எத்தனை தடவை முக்கினாலும் அப்படியேதான் இருக்கும்.”

மாமனார் கம்பியைக் கீழே வைத்துவிட்டுத் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“புரிஞ்சுடுச்சு. இதுக்கு உங்க அத்தை குணம். இழுத்தா வராது. சூடு காட்டினா வெடிக்கும். என்ன பண்ணினாலும் மாறாது. பக்கத்துல உக்காந்து, பேச்சுக் குடுத்துக்கிட்டே, கொஞ்சம் கொஞ்சமா தள்ளணும்.”

அப்படியே தள்ளினார். வந்தது. அழகான, அகலமான, ஆழமில்லாத பாத்திரம். பாலிஷ்காரர் அதைக் கண்ணாடியாக்கிவிட்டு, தன் முகத்தைப் பார்த்துத் தலை வாரிக்கொண்டார். நாற்பது வருஷ அனுபவத்தில் மாமனார் கண்டுபிடித்த ஒரே பதுக்கும் இடம் காலண்டருக்குப் பின்பக்கம். பாத்திரத்தைப் பாலிஷ்காரர் வீட்டுக்கு எடுத்துப் போனார். மிச்சத் தகடுதான் மாட்டிக்கொண்டது.

“நான் உசிரோட இருக்கறப்பவே காலண்டருக்குப் பின்னால இரும்பை ஒளிச்சு வக்கிறீங்க” என்றார் மாமியார்.

“இரும்பு இல்லம்மா அது. மாப்பிள்ளை சொல்றாரு இல்ல.”

“மாப்பிள்ளை படிச்சவரு, எது வேணா சொல்லுவாரு. என் பொண்ணு கடைசியா என்ன சொன்னா? ‘அம்மா, காந்தம் ஒட்டற சாமானைக் கடைக்குள்ள விட்டுடாதீங்க.’ இதைத்தானே சொன்னா? அப்புறம்தானே கண்ணை மூடினா?”

“என்கிட்ட அப்படிச் சொல்லலையே. ‘அப்பா, அவரு சொல்றதைக் கேட்டு நடங்க’ன்னுல்ல சொன்னா.”

“உங்ககிட்ட எப்பச் சொன்னா? நீங்க தூங்கிட்டு இருந்தீங்க.”

“நீ கான்டீன்ல இருந்தே.”

இந்தச் சண்டை புதியது அல்ல. தலைவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில் மயங்கிய மனைவி எழுந்திருக்கவே இல்லை. மூச்சுக்குழாய் வைத்து ஒரு வாரம் படுத்திருந்தாள். உள்ளே ஒவ்வொருவராகத்தான் விட்டார்கள். ஒவ்வொருவர் போனபோதும் உதடு அசைந்தது, ஒவ்வொருவருக்கும் ஒரு வார்த்தை கிடைத்தது. அந்த வார்த்தைகள் நாளாக நாளாக வளர்ந்தன. ஆரம்பத்தில் மாமியாரிடம் இருந்தது வெறும் ‘அம்மா, கடை’. பிறகு அது நீண்டு, மாடியில் துணி காயப்போடுவது எந்தக் கொடியில் என்பது வரைக்கும் தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்தது. மூத்த பெண்ணிடம் ‘அக்கா, இவங்களைக் கூட்டிட்டுப் போ’ இருந்தது. பாலிஷ்காரர் ஆஸ்பத்திரிப் பக்கமே போனதில்லை. அவரிடமும் ஒன்று இருந்தது.

“பாப்பா என்னைப் பத்தியும் சொல்லிச்சாம்” என்றார் அவர், பட்டறை வாசலில் நின்று. “‘அண்ணனை வேலையை விட்டு நிறுத்திடாதீங்க’ன்னு.”

“யாருப்பா உனக்குச் சொன்னது?”

“யாரோ சொன்னாங்கக்கா. சொல்லக்கூடிய பொண்ணுதானே.”

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். மயங்குவதற்கு முன் கூடவே இருந்தவன் அவன் ஒருவன்தான். அவன் டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு கழுவப் போனான்.

மெஸ் மேனேஜரின் ஆர்டருக்கான தகடுகள் ஒரு தூறல் நாளில் வண்டியில் வந்து இறங்கின. மாமியார் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து வாசலுக்கு நடுவில் போட்டு உட்கார்ந்தார். கையில் காந்தம். வண்டிக்காரர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றார்.

“அம்மா, நனையுதும்மா.”

“எவர்சில்வர்தானே, நனையட்டும். உங்க சரக்கு மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?”

“நான் நனையறேம்மா.”

எதிர்க்கடைக்காரர் குடையோடு வந்து வேடிக்கை பார்த்தார். யாரோ அவருக்கும் டீ கொடுத்தார்கள். கடைசியில் பாலிஷ்காரர்தான் வழி சொன்னார். மூட்டை வாசல் ஓரமாகக் கூரைக்குக் கீழே இருக்கட்டும். அதிலிருந்து ஒரு துண்டைக் கொல்லையில் துவைக்கிற கல் மேல் போடுவோம். அக்கா உப்புத் தண்ணி ஊத்தட்டும். துருப் பிடிச்சா எல்லாம் திரும்பிப் போகும். பிடிக்கலைன்னா உள்ளே வரும்.

“எத்தனை நாள்?” என்றார் மாமனார். வார முடிவுக்குள் ஆரம்பிக்காவிட்டால் வேறு இடம் பார்ப்பேன் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

“அது பிடிக்கற வரைக்கும்” என்றார் மாமியார்.

மறுநாள் காலையில் காந்தக் கணக்கெடுப்பு முடிந்ததும் அவர் சொம்பில் உப்பைக் கரைத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். செடிக்கு ஊற்றுவது மாதிரி வலமும் இடமுமாக ஊற்றினார். குனிந்து பார்த்தார். மத்தியானம் ஒரு சொம்பு. சாயங்காலம் ஒரு சொம்பு. தகடு பளபளவென்று வானத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தது. மேலே காக்கை போனால் அதற்குள்ளும் காக்கை போனது.

“இன்னும் கொஞ்சம் உப்புப் போடுங்கக்கா, ருசி பத்தல போலிருக்கு” என்றார் பாலிஷ்காரர்.

“நீ உன் பேப்பரைப் படி.”

அடுத்த நாளும் ஒன்றும் இல்லை. மாமியாருக்கு ஒரு சந்தேகம் வந்தது. இந்த ஆம்பிளைங்க எல்லாம் ஒரு கட்சி. ராத்திரி வந்து இந்தத் தகட்டை எடுத்துவிட்டு, அதே அளவில் நிஜ எவர்சில்வரை வைத்துவிட்டுப் போகிறார்களோ? அதற்கு அவரிடம் மருந்து இருந்தது. அன்று சாயங்காலம் உப்புத் தண்ணீர் ஊற்றிவிட்டு, ஏப்ரன் பையிலிருந்த காந்தத்தை எடுத்துத் தகட்டின் நடுவில் டக்கென்று ஒட்டினார். முத்திரை வைத்தாயிற்று. தகட்டை மாற்றினால் காந்தம் ஒட்டாது, காலையில் தெரிந்துவிடும்.

அன்று அவர் காந்தம் இல்லாமல் மாடி ஏறினார். இரண்டு தடவை பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

காலையில் கூச்சல் கேட்டு அவன் பல் தேய்த்த பிரஷோடு ஓடினான். மாமியார் கொல்லையில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்.

“பிடிச்சுடுச்சு! வாங்க எல்லாரும்! படிச்சவங்க, பட்டறைக்காரங்க, எல்லாரும் வந்து பாருங்க!”

காந்தத்தைச் சுற்றி வட்டமாக, செங்காவி நிறத்தில், துரு. யாரோ காப்பி டம்ளர் வைத்து எடுத்த மாதிரி. அதிலிருந்து ஒரு கோடு வழிந்து கல் வரைக்கும் இறங்கியிருந்தது.

மாமனார் முகம் விழுந்துவிட்டது. பாலிஷ்காரர் செய்தித்தாளை மடித்தார். எதிர்க்கடைக்காரர் பின்சந்து வழியாக வந்து மதில் மேலாக எட்டி, கிடங்குக்கு ஜன்னல் எந்தப் பக்கம் வைக்கலாம் என்று பார்க்கிற கண்ணோடு பார்த்தார்.

அவன் பிரஷைச் சட்டைப் பையில் செருகினான். குனிந்து காந்தத்தைப் பிடுங்கித் திருப்பினான். அடித்தகடு முழுக்கத் துரு. விரலால் தொட்டதும் உதிர்ந்தது. ஈரத் துணியால் தகட்டைத் துடைத்தான். வட்டம் போய்விட்டது. கோடும் போய்விட்டது.

மாமியார் கையை நீட்டிக் காந்தத்தை வாங்கிக்கொண்டார். அதன் அடிப்பக்கத்தை அவர் பார்த்தே பல வருஷம் ஆகியிருக்கும்.

“அப்ப இத்தனை நாளும் துருப் பிடிச்சது இதுதானா?” என்றார் பாலிஷ்காரர். “ஊர்ல எல்லாருக்கும் சர்டிபிகேட் குடுத்துக்கிட்டு...”

“பேசாம இருப்பா” என்றார் மாமனார். ஆனால் அவர் மீசைக்கடியில் சிரிப்பு வந்துவிட்டது.

அவன் தகட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அத்தை, இங்க ஒரு சின்னப் புள்ளி இருக்கு பாருங்க. துடைச்சும் போகல. இது தகட்டோடதுதான். உப்புத் தண்ணி ஒரே இடத்துல அடைஞ்சு நின்னா இதையும் அரிக்கும். நிக்கல் போட்டது அளவுக்குத் தாங்காது. சமைச்சுக் கழுவி வைக்கறதுக்கு ஒண்ணும் ஆகாது. உப்புப் போட்டு ஊற வைக்கக் கூடாது.”

மாமனார் நெற்றியில் அடித்துக்கொண்டார். “ஜெயிச்ச கேஸை எடுத்துக்கிட்டுப் போய் எதிர்க்கட்சிகிட்ட குடுக்கறீங்களே மாப்பிள்ளை!”

மாமியார் அந்தப் புள்ளியைக் குனிந்து பார்க்கவில்லை. மருமகனைத்தான் பார்த்தார். பிறகு மாடி ஏறிப் போய்விட்டார். அன்றைக்குக் கணக்கெடுப்பு நடக்கவில்லை. பாத்திரங்கள் எல்லாம் தொடுவார் இல்லாமல் அலமாரியில் உட்கார்ந்திருந்தன. மேனேஜர் போன் பண்ணி, சாயங்காலத்துக்குள் முடிவு சொல்லுங்கள் என்றார்.

மத்தியானம் அவன் ஒரு தட்டில் சோறும் அவித்த முட்டையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனான். வெளியே மழை பிடித்திருந்தது. மாமியார் ஜன்னல் ஓரக் கட்டிலில் உட்கார்ந்து காந்தத்தைப் பழைய துணியால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“உக்காருங்க மாப்பிள்ளை.”

உட்கார்ந்தான்.

“துரு பெரிசில்ல. தேய்ச்சா போயிடுது. நான் அவளுக்கு வாக்குக் குடுத்துட்டேன், அதான்.”

அவன் தட்டை அவர் பக்கத்தில் வைத்தான்.

“குடுத்தேனான்னு இன்னிக்குக் காலைலேர்ந்து சந்தேகமா இருக்கு. உதடு அசைஞ்சது நிஜம். சத்தம் வரல. வாயில அந்தக் குழாயை வச்சுக்கிட்டு எப்படி வரும்? நானா ஒரு வார்த்தையைப் போட்டுக்கிட்டேன். சொல்லிச் சொல்லி, இப்ப அவ குரல்லயே கேக்குது.”

“தெரியும் அத்தை.”

“தெரிஞ்சுக்கிட்டா இத்தனை நாளும் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கிட்டு இருந்தீங்க? இந்தக் கிழவி தினம் ஒண்ணா புளுகறாளேன்னு ஒரு நாளாவது கேக்க வேண்டாமா?”

“கேட்டு என்ன ஆகப்போகுது?”

மாமியார் முட்டையை எடுத்துப் பாதியாகப் பிட்டார். ஒரு பாதியை அவன் கையில் வைத்தார்.

“அந்த ஸ்கேன் ரூம் வாசல் வரைக்கும் நீங்கதான் கூடப் போனீங்க. உள்ள போய்த்தானே மயக்கமானா. அப்ப பேசினா இல்ல? அதுதானே நிஜமான கடைசி? அவ என்ன சொல்லியிருந்தாலும் சரி, அதும்படி நடக்கறேன். தகட்டை வாங்கச் சொன்னாளா, வாங்கறேன். வேண்டாம்னாளா, இப்பவே அனுப்பிடறேன். நீங்க புதுசா ஒண்ணு கட்டிச் சொல்ல மாட்டீங்க. காலைல அந்தப் புள்ளியைக் காட்டினீங்களே, அதுலயே தெரிஞ்சுபோச்சு.”

“தகட்டைப் பத்தி எதுவும் சொல்லல.”

“பின்ன?”

“சொல்லக்கூடாதுன்னு சொன்னா.”

“யார்கிட்ட?”

“உங்ககிட்ட.”

மாமியார் நிமிர்ந்தார். “என்கிட்டயா? பெத்தவகிட்ட சொல்லக்கூடாத ரகசியமா?”

“ரகசியம்னு இல்ல.”

“இப்ப சொல்றீங்களா, இல்ல கீழ போய் அந்தத் தகட்டு மூட்டை மேல ஏறி உக்காரட்டுமா?”

அவன் சொன்னான். இரண்டு வாக்கியம்தான். முட்டையைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னான்.

மாமியார் மடியில் கிடந்த காந்தத்தைப் பார்த்தார். அப்புறம் அவர் தோள் குலுங்கியது. கட்டில் கிறீச்சிட்டது. அது அடிவயிற்றிலிருந்து கிளம்பி வந்து, மூச்சை அடைத்து, கண்ணில் தண்ணீராக வழிந்தது. கையால் வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. சத்தம் கேட்டு மாமனார் படிகளில் தடதடவென்று ஏறி வந்தார்.

“என்னாச்சு? அழறாளா?”

“சிரிக்கறாங்க மாமா.”

“இவளா? எதுக்கு?”

மாமியார் கணவரைக் காட்டி, காந்தத்தைக் காட்டி, மறுபடி குலுங்கினார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

“ஏம்ப்பா பாலிஷ்! மழையை என்ன வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கறே? தகட்டையெல்லாம் உள்ள எடுத்து வை!”

“அக்கா, நிஜமாவா?”

“முன்வாசல் வழியா எடுத்துக்கிட்டு வா. கொல்லைப் பக்கமாத் திருட்டுத்தனமா ஒண்ணும் வேண்டாம். அந்த போர்டையும் கழட்டு. ஒட்டறது தனி அலமாரி, ஒட்டாதது தனி அலமாரி. ஊறுகாய் போடறவங்களுக்கு ஒட்டறதைக் குடுக்காதே, மாப்பிள்ளைகிட்டக் கேட்டுக்க.”

கீழே தகடுகள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பாலிஷ்காரர் சொட்டச் சொட்ட நனைந்து மேலே வந்தார். அவர் பின்னால், எதற்கென்று தெரியாமலே, எதிர்க்கடைக்காரரும் வந்து நின்றார்.

“அக்கா, வச்சாச்சு. திடீர்னு என்ன? பாப்பா கனவுல ஏதாவது சொல்லிச்சா?”

“கனவு கினவு எல்லாம் ஒண்ணும் இல்ல. நிஜமா சொன்னது. நீங்களே சொல்லுங்க மாப்பிள்ளை. இனிமே நம்ம வீட்டுல கடைசி வார்த்தைன்னா இது ஒண்ணுதான். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. அவ சொன்ன மாதிரியே சொல்லணும்.”

எல்லோரும் அவன் வாயைப் பார்த்தார்கள். மாமனார் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

ஸ்கேன் அறைக்கு வெளியே, தள்ளுகட்டிலில் படுத்திருந்தாள். தலைவலியில் ஒரு கண்ணை மூடியிருந்தாள். ஆஸ்பத்திரி ஊழியர் ஒருவர் வந்து, உடம்பில் உள்ள உலோகம் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். எதற்கு என்று கேட்டாள். உள்ளே இருப்பது காந்தம், ஆள் உயரத்துக்கு, இரும்பு நாற்காலியைக்கூட இழுத்துக்கொண்டு போய்விடும் என்றார் அவர். தோடு, மோதிரம், தலையில் இருந்த ஊசிகள், எல்லாவற்றையும் கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்தாள். விரல்களை அவளே மடித்து மூடினாள். கட்டிலைத் தள்ள ஆரம்பித்தார்கள். கதவு திறந்தது. தலையை மட்டும் தூக்கி, திறந்திருந்த ஒரு கண்ணால் அவனைப் பார்த்துச் சொன்னாள்:

“உள்ள ஆள் உசரத்துக்குக் காந்தம் இருக்காம்டா. அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதே, கடைக்கு ஒண்ணு வேணும்னு ஒத்தைக் கால்ல நிப்பாங்க.”